தூய இடைவெளிகளின் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

சுரங்களின் அதிர்வெண் விகிதங்களைப் பற்றி வாசகர்கள் எழுப்பியுள்ள கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை எடுத்துக்கொண்டு இங்கே விடையளிக்கிறேன். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு ஆதார சுரமான ஸட்ஜத்தின் அதிர்வெண்ணை எல்லா இடங்களிலும் 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 3/2 என்றும், அந்த எண்கள் சிறியவையாக இருப்பதாலேயே அவை இணைந்து இனிமையாக ஒலிக்கின்றன என்றும் படித்தேன். காதுக்கு எண்கள் எப்படித் தெரியும்?

பதில்: காதுக்கு எண்கள் தெரியாது. இரண்டு ஒலிகளின் மேற்சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா, அல்லது மிக அருகில் நின்று ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இழுத்துக் கட்டிய ஒரு தந்தி 240 ஹெர்ட்ஸில் அதிரும்போது 480, 720, 960, 1200 என்று அதன் முழு எண் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. அதனோடு 360 ஹெர்ட்ஸில் பஞ்சமத்தை ஒலிக்கச் செய்தால் அதன் மடங்குகள் 720, 1080, 1440 என்று அமைகின்றன. ஸட்ஜத்தின் மூன்றாம் மடங்கும் பஞ்சமத்தின் இரண்டாம் மடங்கும் 720இல் ஒன்றாகிவிடுகின்றன. பஞ்சமத்தை 361 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் 720உம் 722உம் ஒருசேர ஒலித்து, வினாடிக்கு இரண்டு முறை ஒலி பெருகிச் சிறுக்கும். இயற்பியல் பாடநூல்களில் விம்மல் என்று வருவது இதுவே. சுருதி சேர்ப்பவர் கூர்ந்து கேட்பதும் இந்த விம்மல் மெதுவாகிக்கொண்டே வந்து முற்றிலும் நின்றுபோகும் நிலையைத்தான்.

விம்மலின் வேகம் கூடும்போது அது கரகரப்பாக மாறுகிறது. இன்னிசைவு, முரணிசைவு ஆகியவற்றின் வேறுபாட்டை மேற்சுரங்களின் விம்மல்களைக் கொண்டு 1863இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரிவாக விளக்கினார். மேற்சுரங்களே இல்லாத ஒற்றை அதிர்வுகளைக் கொண்டு பிளாம்ப், லெவெல்ட் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு 1965இல் வெளிவந்தது. உட்செவியின் ஒரே அதிர்வெண் பட்டைக்குள் விழுமளவுக்கு இரண்டு அதிர்வுகள் நெருங்கும்போதே கரகரப்பு எழுகிறது என்பதை அது தெளிவாக்கியது. சிறிய எண்கள் ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். 5/4 என்னும் அந்தர காந்தாரத்தில் ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு காந்தாரத்தின் நான்காம் மடங்கோடு 1200 ஹெர்ட்ஸில் பொருந்துகிறது. அந்த உயரத்தில் மேற்சுரங்கள் இன்னும் வலுவாகவே இருக்கின்றன. 45/32 என்னும் பிரதி மத்திமத்தில் அதே பொருத்தம் ஸட்ஜத்தின் 45ஆம் மடங்கில், அதாவது 10,800 ஹெர்ட்ஸில் நிகழ வேண்டும். அங்கே கேட்பதற்கு அநேகமாக ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

இதிலிருந்து ஒரு வரம்பும் புலப்படுகிறது. மேற்சுரங்கள் முழு எண் மடங்குகளாக அமைகிற தந்தி, குழல், மனிதக் குரல் ஆகியவற்றுக்கே இந்த விகிதங்கள் பொருந்தும். மணி போன்ற கருவிகளின் மேற்சுரங்கள் வேறு விதமாகப் பரவியிருப்பதால், அவற்றுக்கு இன்னிசைவு தரும் இடைவெளிகளும் வேறாகவே இருக்கும்.

கேள்வி: பஞ்சமமும் மத்திமமும் சேர்ந்தால் ஒரு ஸ்தாயி ஆகிறது என்கிறார்கள். ஆனால் 3/2ஐயும் 4/3ஐயும் கூட்டினால் 17/6 அல்லவா வருகிறது?

பதில்: இடைவெளிகளின் விகிதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 3/2 × 4/3 = 2; அதிர்வெண் இருமடங்காகும் இந்த இடைவெளியே ஸ்தாயி. ஓர் இடைவெளி ஏறுவது என்றால் அதிர்வெண்ணை ஒரு பின்னத்தால் பெருக்குவது என்றும், இறங்குவது என்றால் அதே பின்னத்தால் வகுப்பது என்றும் பொருள். ஆயினும் நம் செவிக்கு இடைவெளிகள் படிகளைப் போலக் கூடிச் செல்வதாகவே தோன்றுவதால், பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் மடக்கை இங்கே உதவுகிறது. 1885இல் அலெக்சாண்டர் எல்லிஸ் ஒரு ஸ்தாயியை 1200 சம பங்குகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் சென்ட் என்று அழைத்தார். விகிதத்தின் இரண்டடிமான மடக்கையை 1200ஆல் பெருக்கினால் சென்ட் கிடைத்துவிடும். பஞ்சமம் 701.96, சுத்த மத்திமம் 498.04, இரண்டும் கூடி 1200. அந்தர காந்தாரம் 386.31, சாதாரண காந்தாரம் 6/5 என்ற விகிதத்தில் 315.64, இவ்விரண்டும் கூடினால் பஞ்சமம்.

சென்ட் கணக்கு ஒப்பிடுவதற்கு மிக வசதியானது. எனினும் கற்பவர்கள் பின்னங்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. 386.31 என்ற எண்ணைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாது. 5/4 என்ற பின்னமோ எந்த மேற்சுரம் எதனோடு பொருந்துகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

கேள்வி: ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு ஸ்தாயிகளுக்கு மேலுள்ள ஸட்ஜம் வர வேண்டும் அல்லவா? கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 128க்குப் பதில் 129.746 என்று காட்டுகிறது. எங்கே பிழை?

பதில்: உங்கள் கணக்கில் பிழை இல்லை. 1.5ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 531441/4096, அதாவது நீங்கள் பெற்ற 129.746தான் வரும். ஏழு ஸ்தாயி என்பது 128. இவற்றின் விகிதம் 1.01364, சென்ட் கணக்கில் 23.46. பித்தாகரஸின் பெயரால் வழங்கும் கமா என்னும் நுண்ணிடைவெளி இதுவே. ஏழு ஸ்தாயி இறக்கி நம் ஸ்தாயிக்கே கொண்டுவந்தால் 240க்குப் பதில் ஏறத்தாழ 243.3 ஹெர்ட்ஸில் ஒரு ஸட்ஜம் நிற்கும்.

பன்னிரண்டுக்கு மேல் எத்தனை முறை ஏறினாலும் இந்தச் சக்கரம் மூடவே மூடாது. அதற்கான நிரூபணம் ஒரே வரியில் அடங்கும்: பஞ்சமங்கள் சில சேர்ந்து ஸ்தாயிகள் சில ஆக வேண்டுமானால் 3இன் ஏதேனும் ஓர் அடுக்கு 2இன் ஏதேனும் ஓர் அடுக்குக்குச் சமமாக வேண்டும், முன்னது எப்போதும் ஒற்றை எண், பின்னது எப்போதும் இரட்டை எண். இவ்வளவு எளிய ஓர் உண்மை இசையின் அடித்தளத்தில் இருந்துகொண்டு, சுருதி அமைப்புகளின் வரலாறு முழுவதையும் வழிநடத்தியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மூடாவிட்டாலும் நெருங்கி வரும் இடங்கள் உண்டு. பஞ்சமத்தின் இரண்டடிமான மடக்கை 0.58496... என்று செல்லும் ஒரு விகிதமுறா எண். அதைத் தொடர் பின்னமாக விரித்தால் 1/2, 3/5, 7/12, 24/41, 31/53 என்ற தோராயங்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. பின்னங்களின் கீழே, பகுதியில் உள்ள எண்களைக் கவனியுங்கள்: 5, 12, 41, 53. ஐந்து சுர அமைப்புகளும் பன்னிரண்டு சுரத்தானங்களும் வலுவாக நிலைபெற்றதற்கு இது ஒரு காரணம் என்று கொள்ள இடமிருக்கிறது. 53 பஞ்சமங்கள் 31 ஸ்தாயிகளை வெறும் 3.6 சென்ட் மட்டுமே தாண்டுகின்றன, கி.மு. முதல் நூற்றாண்டிலேயே சீனத்தின் ஜிங் ஃபாங் இந்த நெருக்கத்தைக் கணக்கிட்டுக் கண்டறிந்திருந்தார்.

கேள்வி: சில நூல்களில் அந்தர காந்தாரம் 5/4 என்றும் சிலவற்றில் 81/64 என்றும் காண்கிறேன். தைவதத்துக்கும் 5/3, 27/16 என்று இரண்டு மதிப்புகள் தருகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரி, வந்த வழி வேறு என்பதே வேறுபாடு. இந்தக் கேள்வியில்தான் முழு விஷயத்தின் மையமும் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸட்ஜத்திலிருந்து நான்கு பஞ்சமங்கள் ஏறி இரண்டு ஸ்தாயிகள் இறங்கினால் 81/64 வருகிறது. 240க்கு அது 303.75 ஹெர்ட்ஸ். ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கான 1200ஐ எடுத்து இரண்டு ஸ்தாயிகள் இறக்கினால் 5/4 வருகிறது. அது 300 ஹெர்ட்ஸ். முன்னது 3 என்னும் பகா எண்ணின் வழியாகவும், பின்னது 5 என்னும் பகா எண்ணின் வழியாகவும் வந்தவை. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 81/80, அதாவது 21.5 சென்ட். பன்னிரண்டு பஞ்சமங்கள் விட்டுச்சென்ற கமாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அளவில் அருகருகே இருந்தாலும் இது 5 என்ற எண் உள்ளே வந்த பிறகு தோன்றும் வேறொரு கமா. கிராமம் என்பது பண்டைய சுர அமைப்பு; நாட்டிய சாஸ்திரத்தில் மத்திம கிராமத்தின் பஞ்சமம் ஸட்ஜ கிராமத்தின் பஞ்சமத்தைவிட ஒரு பிரமாண சுருதி தாழ்ந்தது என்று பரதர் சொல்கிறார். அவர் விகிதம் எதையும் தரவில்லை, பிற்கால ஆய்வாளர் பலர் அந்த நுண்ணளவை 81/80 என்றே கொண்டிருக்கிறார்கள்.

தனியாகப் பாடும்போது 81/64 கேட்பதற்கு ஒன்றும் குறையாகத் தோன்றாது. ஆனால் நீண்டு ஒலிக்கும் ஸட்ஜத்தின் மேல் அதை நிறுத்தினால் அதன் நான்காம் மடங்கு 1215க்கும் ஸட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1200க்கும் இடையே வினாடிக்கு 15 விம்மல்கள் எழும். 5/4 அங்கே அசைவின்றி நிற்கும். அப்படியானால் எப்போதும் 5/4ஐயே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதைத்தான் செய்து பார்ப்போம்.

ஸ 1, ரி 9/8, க 5/4, ம 4/3, ப 3/2, த 5/3, நி 15/8 என்பது சுத்த சுருதி முறையின் நன்கறியப்பட்ட அமைப்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி குறித்த பகுப்புகளில் இதுவும் ஒன்று. 1558இல் இத்தாலிய இசைக் கோட்பாட்டாளர் சார்லினோ இதையே ஐரோப்பிய இசைக்கு அடிப்படையாக முன்வைத்தார். இதில் ஸ–ப, க–நி, ம–மேல் ஸ, ப–மேல் ரி, த–மேல் க ஆகிய ஐந்து ஜோடிகளும் துல்லியமாக 3/2. ரி–த என்ற ஜோடியை மட்டும் கணக்கிட்டுப் பாருங்கள்: 5/3ஐ 9/8ஆல் வகுத்தால் 40/27, அதாவது 680.4 சென்ட். தூய பஞ்சமத்தைவிட ஒரு கமா குறைவு. கேட்டால் உடனே உறுத்தும். தைவதத்தை 27/16க்கு ஏற்றினால் ரி–த சரியாகிவிடும், ஆனால் ம–த, த–மேல் க என்ற இரண்டும் கெட்டுவிடும். ரிஷபத்தை 10/9க்கு இறக்கினாலும் ரி–த சரியாகும், ஆனால் ப–மேல் ரி கெட்டுவிடும். இருபக்கமும் எட்டாத போர்வையை ஒரு முனையில் இழுத்தால் மறுமுனை திறந்துகொள்வதைப் போன்றதுதான் இது. கமாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தலாம். இல்லாமல் ஆக்க முடியாது.

இன்னும் வலுவான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 240இலிருந்து ஒரு பஞ்சமம் ஏறுங்கள்: 360. அங்கிருந்து ஒரு மத்திம இடைவெளி, அதாவது 4/3, இறங்குங்கள்: 270. மீண்டும் பஞ்சமம் ஏறுங்கள்: 405. மீண்டும் 4/3 இறங்குங்கள்: 303.75. இப்போது நாம் நிற்பது காந்தாரத்தில். அதிலிருந்து தூய காந்தார இடைவெளியான 5/4 இறங்கினால் ஸட்ஜத்துக்கு வந்துவிட வேண்டும். வந்து சேர்வதோ 243. ஐந்து நகர்வுகளிலும் ஒரு சிறு பிசகுகூட இல்லை, ஆனாலும் ஸட்ஜம் 3 ஹெர்ட்ஸ் ஏறிவிட்டது. இதே சுற்றை நான்கு முறை பாடினால் ஸட்ஜம் 252ஐத் தாண்டி, ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் உயர்ந்துவிடும். ஒவ்வொரு இடைவெளியையும் தூயதாகப் பாடும் குழு சுருதியில் நிலைக்க முடியாமல் போகும் இந்த நிலைமையைப் பெனடெட்டி என்னும் இத்தாலியக் கணித அறிஞர் இசையமைப்பாளர் சிப்ரியானோ தெ ரோரேவுக்கு எழுதிய கடிதங்களில் எண்களோடு விளக்கிக் காட்டினார். அவை 1585இல் அச்சாகின. சுருதி விலகினால் பாடகரின் காதைத்தான் பொதுவாகக் குறை சொல்வார்கள். காது மிகச் சரியாக இருப்பதாலேயே சுருதி விலகக்கூடும் என்பதை அந்தக் கடிதங்கள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன.

எது சரி என்ற உங்கள் கேள்விக்கு இனி விடை சொல்லலாம். நிலையான ஆதார ஸட்ஜத்தின் மேல் ஒற்றைக் குரல் பாடும் இசையில் ஒவ்வொரு சுரமும் முதன்மையாக ஸட்ஜத்தோடும் பஞ்சமத்தோடும் ஒப்பிடப்படுகிறது. ஆகவே நீண்டு நிற்கும் காந்தாரத்துக்கு 5/4ஐயே நான் தேர்வேன். நிற்காமல் கடந்து செல்லும் சுரத்துக்கும் அசைந்து ஒலிக்கும் சுரத்துக்கும் ஒரே விகிதத்தைக் கட்டிவைப்பதில் பொருளில்லை. பல குரல்கள் இணைந்து நகரும் இசையில் அந்தச் சுரம் அக்கணத்தில் எதனோடு சேர்ந்து ஒலிக்கிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: 2/1, 3/2, 4/3, 5/4, 6/5 என்று அடுத்தடுத்த எண்களின் விகிதங்களே இசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. 9/8, 10/9, 16/15 ஆகியவையும் அப்படித்தான். இந்த வரிசைக்கு முடிவு உண்டா? (கணிதம் பயிலும் மாணவி ஒருவர்)

பதில்: உண்டு, அது இந்தத் துறையின் மிக அழகிய முடிவுகளில் ஒன்று. 2, 3, 5 ஆகிய பகா எண்களை மட்டுமே காரணிகளாகக் கொண்ட அடுத்தடுத்த எண்களின் ஜோடிகள் மொத்தம் பத்துதான். நீங்கள் சொன்ன எட்டோடு 25/24, 81/80 ஆகிய இரண்டையும் சேர்த்தால் பட்டியல் நிறைந்துவிடுகிறது. 80, 81க்குப் பிறகு முடிவிலி வரை தேடினாலும் இன்னொரு ஜோடி அகப்படாது. எந்தப் பகா எண் தொகுதியை எடுத்துக்கொண்டாலும் இத்தகைய ஜோடிகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்றும், அவற்றை முழுமையாகக் கண்டறிய ஒரு வழி உண்டு என்றும் நார்வே நாட்டுக் கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர் 1897இல் நிறுவினார். பத்தில் கடைசியாக நிற்பது நமக்கு இவ்வளவு தொல்லை தரும் அதே கமாதான் என்பதைக் கவனித்தீர்களா?

கேள்வி: கீபோர்டில் எல்லா அரைச்சுரங்களும் சமம் என்கிறார்கள். அப்படியானால் அதில் எல்லாமே பிசகிய சுரங்களா?

பதில்: ஸ்தாயி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஓரளவு விலகியவையே. சம இடைவெளி முறையில் ஒவ்வோர் அரைச்சுரமும் 2இன் பன்னிரண்டாம் மூலம், அதாவது 1.059463. சீனத்து இளவரசர் சூ சாய்யூ 1584இல் இதை மிக நுட்பமாகக் கணக்கிட்டு எழுதினார். இந்த முறையில் பஞ்சமம் 1.498307, தூய பஞ்சமத்தைவிட 2 சென்ட்டுக்கும் குறைவாகவே தாழ்ந்தது. நம் 240க்கு அது 359.59 ஹெர்ட்ஸ்; விம்மல் வினாடிக்கு ஒன்றைக்கூட எட்டாது. ஆனால் அந்தர காந்தாரம் 302.38 ஹெர்ட்ஸில் நிற்கிறது. தூய 300ஐவிட இது 13.7 சென்ட் அதிகம். வினாடிக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட விம்மல்கள். சம முறை பஞ்சமத்தைக் காப்பாற்றிக் காந்தாரத்தைக் கைவிட்ட முறை என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு நேர் எதிரான தேர்வும் வரலாற்றில் உண்டு. 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் வழங்கிய ஒரு முறையில் 81/80ஐ நான்கு பங்காக்கி ஒவ்வொரு பஞ்சமத்திலும் ஒரு பங்கைக் குறைத்தார்கள். பஞ்சமம் 696.6 சென்ட்டாகச் சற்றே சுருங்கியது. நான்கு பஞ்சமங்கள் ஏறி வரும் காந்தாரமோ துல்லியமாக 5/4 ஆயிற்று. விலையாக, சக்கரத்தின் கடைசிப் பஞ்சமம் 737 சென்ட்டுக்கும் மேல் விரிந்து, பயன்படுத்தவே முடியாததாகிவிட்டது. சம முறையில் எந்தச் சுரத்தையும் ஸட்ஜமாக்கிக்கொள்ளலாம் என்ற விடுதலை கிடைக்கிறது. எந்த ஸட்ஜத்தை எடுத்தாலும் காந்தாரம் ஒரே அளவில் கரகரக்கும் என்பதும் உடன் வருகிறது. கேட்டுப் பழகிவிட்டதால் அது நமக்கு உறைப்பதில்லை. தூய 5/4ஐ ஒருமுறை நீண்ட ஸட்ஜத்தின் மேல் நிதானமாகக் கேட்டுவிட்டு, உடனே கீபோர்டின் காந்தாரத்துக்கு வந்து பாருங்கள். வேறுபாடு பயிற்சியற்ற காதுக்கும் தெரியும்.

கேள்வி: 7 என்னும் பகா எண்ணுக்கு இசையில் இடமில்லையா?

பதில்: இருக்கிறது. 7/4 என்பது 968.8 சென்ட், நம் கணக்கில் 420 ஹெர்ட்ஸ். 16/9, 9/5 ஆகிய கைசிகி நிஷாதங்கள் இரண்டையும்விட இது நன்றாகவே தாழ்ந்தது. கீபோர்டின் நிஷாதத்தைவிடவும் 31 சென்ட் குறைவு. பன்னிரண்டு சுரத்தானங்களில் எதற்குள்ளும் அடங்காததால் இதைப் பலர் புறக்கணித்தார்கள். ஆனால் ஸட்ஜத்தின் ஏழாம் மடங்கோடு பொருந்தி நிற்கும் அதன் அமைதியைக் கேட்டவர்கள் அதை முரணிசைவு என்று சொல்லமாட்டார்கள்.

கேள்வி: இன்றைய மென்பொருள்கள் ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கும் கணத்திலேயே சரிசெய்ய வல்லவை. அப்படியானால் கமாவின் சிக்கல் தீர்ந்துவிட்டதல்லவா?

பதில்: தீரவில்லை. கருவியின் குறைபாட்டால் எழுந்த சிக்கலாக இருந்திருந்தால் சிறந்த கருவி அதைத் தீர்த்திருக்கும். இது எண்களின் இயல்பால் எழுந்தது. முன்பு சொன்ன ஐந்து நகர்வுகளையே ஒரு மென்பொருளிடம் கொடுங்கள். எல்லா இடைவெளிகளும் தூயவையாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால் அது 243இல் போய் நிற்கும். ஸட்ஜம் 240ஐ விட்டு விலகக் கூடாது என்று கட்டளையிட்டால், வழியில் ஏதேனும் ஒரு சுரத்தை அது இடையிலேயே நகர்த்தியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, பஞ்சமத்திலிருந்து இறங்கி வந்து சேர்ந்த 270 ஹெர்ட்ஸ் ரிஷபத்தை, அடுத்த பஞ்சமத்துக்கு ஏறும் முன் 266.67க்கு இறக்கிவிட்டால், தொடர்ந்து 400, 300, 240 என்று எல்லாம் ஒழுங்காக முடியும். 9/8ஆக வந்த ரிஷபம் 10/9ஆகப் புறப்படுகிறது என்பதே இதன் பொருள். அந்த 21.5 சென்ட் சறுக்கல் நீண்டு ஒலிக்கும் ஒரே சுரத்துக்குள் நடந்தால் கேட்பவருக்குத் தெரிந்துவிடும். சுரத்தை ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கும் இடத்தில் நடந்தால் பெரும்பாலும் தெரியாது. மூன்றாவது வழியாக, ஐந்து நகர்வுகளிலும் நாலு நாலரை சென்ட்டாகப் பிரித்தும் விடலாம். அப்போது எந்த இடைவெளியும் முழுத் தூய்மையோடு இருக்காது.

இந்த மூன்றில் எதைத் தேர்வது என்பதை மென்பொருளின் முன்னிருப்பு அமைப்புக்கு விட்டுவிடாதீர்கள் என்று இசையமைக்கும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இசைப்பகுதியில் எந்தச் சுரம் மிக நீண்டு நிற்கிறது, எந்த இடத்தில் குரல்கள் மூச்செடுக்கின்றன என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கமாவை அந்த மூச்சின் இடைவெளியில் வைத்துவிட்டு, நீண்ட சுரத்தை முழுத் தூய்மையோடு ஒலிக்க விடுங்கள்.